வனராஜ் வீட்டு டேப்பட் சத்தம்

கணவாய்க்கடையில் ஒரு காருக்குள்ளிருந்து விரட்டப்பட்ட சத்தம் காரோடு ஊரைவிட்டுப் போகாமல் தங்கிவிட்டது ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையில்தான்; அன்றைக்கு மழை இல்லை, கரண்ட் போகவில்லை, மலையிலிருந்து இறங்கிய லாரிகளின் பிரேக் கருகிய வாடை எப்போதும்போல் ரோட்டின் மேல் நின்றது, அதனால் யாரும் அதை விசேஷமான நாள் என்று நினைத்துக் காதைத் தீட்டி வைத்திருக்கவில்லை.

கணவாய்க்கடை என்பது மலை ஏறுகிற வண்டிகள் தண்ணீர் பார்த்துக்கொள்ளவும், இறங்குகிற வண்டிகள் பிரேக்கை ஆறவிடவும் நிற்கிற இடம். ஏழு பட்டறை, ஒரு டீக்கடை, ஐம்பது அறுபது வீடு. ஏழில் கடைசிப் பட்டறை வனராஜுடையது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு, இரண்டுக்கும் ஒரே சுவர். வனராஜுக்கு ஐம்பது வயது. அதிகம் பேசமாட்டான். ஆனால் மற்றவர்கள் ஆளின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதை அவன் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டவுனிலிருந்து பல் டாக்டர் ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"காலையில ஸ்டார்ட் பண்ணா டிக்டிக்னு தட்டுதுப்பா. முன்னாடியெல்லாம் ரெண்டு நிமிஷத்துல அடங்கிரும். இப்ப வண்டி சூடான பிறகும் அடங்க மாட்டேங்குது."

வனராஜ் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தான். அளவு சரி, நிறம்தான் கருப்பு. நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன் முனையை இன்ஜின் தலைமேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இடமாக நகர்த்தினான். மூன்றாவது சிலிண்டரில் நின்றான். "டேப்பட்" என்றான். மூடியைக் கழற்றி, வால்வுகளின் தலையில் உட்கார்ந்திருக்கிற டேப்பட்டுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினான். கட்டைவிரல் பருமனுள்ள எஃகு டப்பாதான் அது. உள்ளே எண்ணெய் நிறைந்து நின்று, தனக்கு மேலும் கீழும் ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறைந்திருந்தால் கல்லுமாதிரி நிற்கும், எண்ணெய் இறங்கி உள்ளே காற்று புகுந்திருந்தால் அமுங்கும். மூன்றாவது சிலிண்டருடையது அமுங்கியது. அதைக் கழற்றி டீசலில் முக்கி, உள்ளிருக்கிற குண்டுமணி அளவு எஃகு உருண்டையைக் கம்பியால் குத்திக் குத்திக் கசடை வெளியேற்றி, புது ஆயிலில் மூழ்கவைத்துக் குமிழி நிற்கும்வரை அழுத்தி, கட்டைவிரலில் வைத்துச் சோதித்தான். கல். பழைய ஆயிலை மாற்றி, டேப்பட்டை மாட்டி ஸ்டார்ட் செய்தான். சத்தமே இல்லை.

"பல்வலி நின்ன மாதிரி இருக்குய்யா" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

கார் வளைவைத் தாண்டுவதற்குள் எதிரே மொக்கையன் டீக்கடையில், பால் சட்டிக்குப் பின்னாலிருந்த சுவருக்குள் டிக்டிக் என்று தட்ட ஆரம்பித்தது.

முதலில் பல்லி என்றார்கள், பிறகு பைப்பு என்றார்கள், மறுநாளும் விடாமல் தட்டவே வனராஜைக் கூப்பிட்டார்கள். அவன் ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் ஊன்றிக் கேட்டான்.

"டேப்பட் சத்தம்தான் மாமா."

"சுவத்துக்குள்ள ஏதுடா மாப்ள டேப்பட்டு?"

"டேப்பட் இல்ல. சத்தம் மட்டும் இருக்கு."

"சரி, சத்தம் எதுக்கு வரும்? அதைச் சொல்லு."

"ரெண்டுக்கு நடுவுல இடைவெளி விழுந்தா வரும்" என்றான் வனராஜ், தொழிலில் உள்ளதைத்தான் சொன்னான், வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் மொக்கையனின் மனைவி சிவனம்மா டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று முழுக்கப் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள், மூன்றாம் நாள் டீ ஆற்றிக்கொண்டிருந்த மொக்கையன் அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் கடையில் எட்டுப் பேர் இருக்கும்போதே, "ஆமாடி, பொண்ணு பாக்க வந்தப்போ எனக்குப் பிடிச்சது உன் தங்கச்சியைத்தான், போதுமா?" என்றான். சத்தம் அந்த நொடியே நின்றுவிட்டது.

அது அங்கிருந்து ரைஸ்மில்காரர் வீட்டுக்குப் போனது, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே நான்கு நாள் தட்டியது, தம்பி வாயைத் திறந்ததும் வெல்டிங் கருப்பையா வீட்டுக்குப் போனது, அங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு வாரம் தட்டியது, மருமகள் சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று வரிசை தப்பாமல் ஒரு வீட்டுவரி வசூல்காரரைப்போல் நடந்தது. கணவாய்க்கடைக்காரர்கள் அதை ஏன் எப்படி என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. மழை வந்தால் வடகத்தை எடுத்து உள்ளே வைப்பதுபோல், இந்தச் சத்தத்துக்கும் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் யோசித்தார்கள். அது தன் வீட்டுக்கு வருமுன் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவது என்று ஒரு பழக்கம் வந்தது. அதற்கு 'எண்ணெய் ஊத்துறது' என்று பெயர் வைத்தார்கள். குழாயடியில் "உங்க வீட்ல எண்ணெய் ஊத்தியாச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டார்கள். நிச்சயதார்த்தத்துக்குத் தாம்பூலத் தட்டோடு ஒரு ஸ்க்ரூடிரைவரும் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைப் பெண்வீட்டுச் சுவரில் ஊன்றிக் கேட்டுத் தலையை ஆட்டிய பிறகுதான் தட்டு மாறியது. வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்பதற்காகவே சாயங்காலம் நடைக்குப் போகிறவர்கள் பெருகினார்கள். எதையோ வெளியே சொல்லாமல் நாலு நாள் சேர்ந்தாற்போல் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு போகிறவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது.

எண்ணெய் ஊற்றிய வீடுகள் அமைதியாகிவிட்டன, கட்டைவிரல் வைத்தால் அமுங்காத அமைதி. ஆனால் அந்த வீட்டு ஆட்கள் முகம் சிவந்து, கழுத்து வேர்த்து, குளிர்காலத்திலும் விசிறியோடு அலைந்தார்கள். சிவனம்மா தங்கச்சி கல்யாணப் போட்டோவை அடுப்பில் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய் இருபது நாளாகிவிட்டது. அதை யாரும் சத்தத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை. சத்தம் நின்றுவிட்டதல்லவா, அப்புறம் என்ன.

கார்த்திகை பிறந்த அன்று அது வனராஜ் வீட்டுக்கு வந்தது. பட்டறைக்கும் அடுக்களைக்கும் பொதுவான சுவரில், உப்பு ஜாடி இருந்த தட்டுக்குப் பின்னால் தட்டியது.

அவன் மனைவி தமயந்தி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "உங்க ஆளு வந்திருக்கு" என்றாள். பிறகு புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.

தமயந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு வருஷத்துக்கு முன், பேசி முடிக்க வந்த இடத்தில், அவளே நேராக வனராஜைப் பார்த்து, "வியாழக்கிழமை மத்தியானம் நான் வீட்ல இருக்கமாட்டேன், அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க" என்றாள். முப்பத்துநாலு வயதுவரை பெண் அமையாத வனராஜ், அவள் வியாழனும் வெள்ளியும் இருக்கமாட்டேன் என்றிருந்தாலும் சம்மதித்திருப்பான். அன்றிலிருந்து வியாழன்தோறும் இரண்டே முக்கால் பஸ்ஸில் டவுன் பக்கம் போவாள், ஆறு பத்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். எங்கே என்று அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. இப்போது சுவர் ஞாபகப்படுத்தியது.

வனராஜ் தனக்குத் தெரிந்த முறையில் சோதனையைத் தொடங்கினான். குளிர்ந்த இன்ஜினில் தட்டி, சூடானதும் நின்றால் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சூட்டிலும் நிற்காவிட்டால் உள்ளே கெட்டிருக்கிறது. விடியற்காலையில் அவள் அடுப்பு மூட்டும்போது கேட்டான்: தட்டியது. உச்சிவெயிலில் அவள் சோறு போடும்போது கேட்டான்: தட்டியது. வண்டியை முடுக்கிப் பார்ப்பதுபோல், ரசத்தில் உப்பில்லை என்று வேண்டுமென்றே குரலை உயர்த்தினான்; தட்டல் வேகமானது. "சரி, இருக்கட்டும்" என்று தணிந்தான், தட்டலும் தணிந்தது. வியாழக்கிழமை அவள் போன பஸ் வளைவைத் தாண்டியதும் சத்தம் அறவே நின்றது, ஆறு பத்துக்கு அவள் வாசல்படியில் கால் வைத்ததும் மறுபடி தொடங்கியது. அவனுக்கு அது போதும். தான் வெளியே போய் அவளை மட்டும் வீட்டில் விட்டுப் பார்த்தாலும் இதேபோல்தான் நின்றிருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அந்தச் சோதனையை அவன் செய்யவேயில்லை.

சந்தேகம் வந்த பிறகு எல்லாமே சந்தேகமாகத்தான் இருந்தது. அவள் துணிப்பையைத் திறந்து பார்த்தான்: சீப்பு, மடித்த கைக்குட்டை, இருமல் மிட்டாய் இரண்டு. அவளுக்கு இருமலே கிடையாது. கைக்குட்டை ஏன் ஆண்பிள்ளை கைக்குட்டை மாதிரி பெரிதாக இருக்கிறது. வியாழக்கிழமை மட்டும் ஏன் நீலச்சேலை. புதன்கிழமை இரவே ஏன் தலைக்கு எண்ணெய் வைக்கிறாள். பதினாறு வருஷமாகக் கண்முன் இருந்தவை இவையெல்லாம்.

ஊர் சும்மா இருக்குமா. சத்தம் எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்குமேல் தங்கியதில்லை, வனராஜ் வீட்டில் மூன்று வாரமாகியும் நகரவில்லை.

"ஊர்ச் சுவத்தையெல்லாம் கேட்டுச் சொன்னவன் வீட்லயே தட்டுதுன்னா என்னடா மாப்ள அர்த்தம்?" என்றான் மொக்கையன். "பெரிய வண்டியா ஓடுது போல உள்ள."

"வியாழக்கிழமை பஸ்ஸு எங்க நிக்கிது, எத்தன மணிக்கு நிக்கிது, எல்லாம் கண்டக்டரக் கேட்டா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றான் கருப்பையா.

"கண்டக்டரையே கேட்டாத்தான் தெரியும்" என்றார் இன்னொருவர், எல்லோரும் சிரித்தார்கள். வண்டிகள் அவன் பட்டறையைத் தாண்டி ஆறாவது பட்டறையில் நின்றன. தன் வீட்டுச் சத்தத்தைப் பிடிக்கத் தெரியாதவனிடம் வண்டியை விடுவானேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வனராஜ் கேட்டேவிட்டான்.

"வியாழக்கெழம எங்க போற?"

தமயந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "பதினாறு வருஷமா நீங்க கேக்கல. இப்ப சுவரு கேக்குதுன்னு கேக்குறீங்களா?"

"ஊரே பேசுது."

"ஊருக்குத் தெரியணுமா, உங்களுக்குத் தெரியணுமா?"

"எனக்குத்தான்."

அவள் கழுநீரை வடித்துவிட்டு நிமிர்ந்தாள். "சொல்றேன். வர்ற வியாழக்கெழம நான் பஸ் ஏறும்போது இன்னொரு வாட்டி கேளுங்க, ஒண்ணு விடாம சொல்றேன். சொல்லிட்டு ஏறுவேன். ஆனா ஆறு பத்துக்கு இறங்கமாட்டேன். என்கிட்ட எனக்குன்னு இருக்கிறது அந்த ஒண்ணுதான். அதையும் வாங்கிக்கிட்டீங்கன்னா நான் இங்க எதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை, வேலை நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். வனராஜ் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தான். தெரியாமல் அவளோடு இருப்பது ஒரு பக்கம், தெரிந்துகொண்டு அவள் இல்லாமல் இருப்பது ஒரு பக்கம். திங்கள் முழுக்க, செவ்வாய் முழுக்க அவன் முதல் பக்கத்தைத் தாங்க முடியாது என்றே நினைத்தான். செவ்வாய் சாயங்காலம் அவள் துணிகளைப் பெரிய பையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தான். அதைப் பார்த்தும் கேட்டுவிடுவது என்றுதான் இருந்தான்.

புதன்கிழமை காலை எஸ்டேட் ஜீப் ஒன்று மற்ற ஆறு பட்டறையிலும் கூட்டம் என்பதால் அவனிடம் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் சூசை.

"ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குதுண்ணே. சூடு வேற. ஆனா இன்ஜின் சத்தம் பாருங்க, பட்டு மாதிரி."

வனராஜ் கேட்டான். பட்டு மாதிரிதான் இருந்தது. அந்த இன்ஜினுக்கு அது ஆகாது.

"யாரு கை வச்சா?"

"மேல எஸ்டேட்ல ஒருத்தர். முன்னாடி டிக்டிக்னு கேட்டுச்சுண்ணே. டேப்பட்டு தட்டுதுன்னு சொல்லி எல்லாத்தையும் இறுக்கி, சத்தத்த நிப்பாட்டிக் குடுத்தாரு."

இன்ஜின் தலையைக் கழற்றினான். சூசை எட்டிப் பார்த்தான். ஒரு வால்வின் விளிம்பு எலி கடித்த அப்பளம்போல் கருகித் தின்னப்பட்டிருந்தது.

"இது எண்ணெய் நிக்கிற டேப்பட் இல்லப்பா" என்றான் வனராஜ். "பழசு. வெறும் போல்ட்டும் நட்டும். இதுக்கு நடுவுல ஒரு காகிதம் போற அளவு எடம் விட்டுத்தான் வைக்கணும். சூடாகும்போது வால்வு நீளும்ல? எடம் இல்லேன்னா முழுசா மூடாது. மூடலேன்னா நெருப்பு அது வழியா..."

பாதியில் நிறுத்திவிட்டான். சூசை காத்திருந்தான். எதிரே மொக்கையன் விசிறிக்கொண்டு, சிவனம்மா இல்லாத கடையில் தானே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். முகம் சிவந்து கிடந்தது. வனராஜ் அவனையே பார்த்தான்.

"வழியா என்னண்ணே?"

"வால்வு எரிஞ்சிரும்."

புது வால்வைப் போட்டுத் தேய்த்து உட்காரவைத்து, தலையை மாட்டினான். இடைவெளி அளக்கிற தகட்டுக் கேஜில் மெல்லிய இதழ் ஒன்றைப் பிரித்து ஒவ்வொரு டேப்பட்டுக்கு நடுவிலும் விட்டு இழுத்தான். லேசாகப் பிடித்துக்கொண்டு, ஆனால் தடுக்காமல், உருவி வந்தது. இறுக்காதே, தளர்த்தாதே என்று விரலுக்குத் தானாகத் தெரிந்தது. மாலையில் ஸ்டார்ட் செய்தான். டிக்டிக் டிக்டிக் என்று ஒரே சீராக, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற அதே சீரில் வந்தது.

"அண்ணே, சத்தம் வருதே!"

"வரட்டும்."

"இறுக்கிற வேண்டாமா?"

"அது தட்டுற வரைக்கும் வண்டி மலை ஏறும். யாராவது ஸ்பேனரத் தூக்கிட்டு வந்தாக் கிட்ட விடாத."

வியாழக்கிழமை இரண்டரைக்கே பஸ் நிறுத்தத்தில் பாதி ஊர் நின்றது, ஒருவருக்கும் பஸ் ஏறுகிற உத்தேசம் இல்லை. தமயந்தி நீலச்சேலையில், காலடியில் பெரிய பையோடு நின்றாள். வனராஜ் கையைத் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தான். வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

"கேளுடா மாப்ள" என்றான் மொக்கையன். "கேட்டு எண்ணெய ஊத்திட்டு வீட்டச் சத்தமில்லாம ஆக்கு."

தமயந்தி வனராஜைப் பார்த்தாள். சொல்லத் தயாராக உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

வனராஜின் நாக்கில் அந்தக் கேள்வி வந்து நின்றது. மனசு ஆறவில்லை, அந்தப் பெரிய கைக்குட்டை யாருடையது என்று அப்போதும் உள்ளே ஒன்று கிடந்து அரித்தது. பஸ் வந்து நின்றது.

"ஆறு பத்துதானே?" என்றான். "இல்ல, லேட்டாகுமா? உலை வைக்கணும், அதான்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆறு பத்துதான்" என்றாள். "ரெண்டு ஆழாக்கு போதும். தண்ணி அதிகம் வச்சிராதீங்க."

பெரிய பையைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, சின்னப் பையோடு ஏறினாள்.

"இதுக்காடா இம்புட்டு நேரம் நின்னோம்?" என்றான் கருப்பையா. கூட்டம் சலித்துக்கொண்டே கலைந்தது. மொக்கையன் மட்டும் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான், பிறகு கடைக்குப் போய் விசிறியை எடுத்தான்.

வீட்டில் சத்தம் இல்லை. வனராஜ் பையை உள்ளே வைத்து, அடுப்பு மூட்டி, இரண்டு ஆழாக்கு அரிசி போட்டு, தண்ணீரை அளந்து ஊற்றினான். ஐந்தரைக்குச் சோற்றை இறக்கி வைத்தான். ஐந்தே முக்காலுக்கு ஒரு தரம் வாசலுக்கு வந்தான். ஆறுக்கு வந்து உள்ளே போகவேயில்லை. ஆறு பத்து பஸ் அன்றைக்கு ஆறு இருபத்தைந்துக்கு வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், மூட்டை ஒன்று இறங்கியது, பஸ் கிளம்பப் போகிற மாதிரி உறுமியது, பிறகுதான் தமயந்தி இறங்கினாள்.

படியேறும்போது அவள் செருப்பில் செம்மண் ஒட்டியிருப்பதைப் பார்த்தான். கணவாய்க்கடையிலிருந்து டவுன்வரை இருபத்திரண்டு கிலோமீட்டரும் கரிசல். செம்மண் ஒரு பிடிகூடக் கிடையாது. அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். செருப்பைக் கழற்றி, மறைக்காமல், அவன் கண்ணெதிரே வாசலில் விட்டாள்.

சுவருக்குள் டிக்டிக் என்று தொடங்கியது.

"சோறு குழைஞ்சிருச்சு" என்றான் வனராஜ்.

"தண்ணி அதிகம் வைக்காதீங்கன்னேன்ல" என்றாள் தமயந்தி, கால் கழுவப் போனாள்.